புரானோ வேண்டாம் என்ற படகுக்காரன்

காயல் நடுவே இருக்கிற ஜூதெக்காத் தீவில் துணி காயப்போடுவது வாய்க்காலுக்குக் குறுக்கே ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கயிற்றில்தான். காற்று கொஞ்சம் ஓங்கி அடித்தால் மரக் கிளிப்பு நழுவும், துணி தண்ணீரில் விழும். விழுந்தது போனதுதான், யாரும் தேடிப் போகிற வழக்கமில்லை. விதவை நிவெஸின் கயிற்றிலிருந்து ஒருநாள் அவளுடைய கணவனின் சட்டை விழுந்தது. மாவு மில்லில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு இறந்துபோனவன். அவனுடையது என்று அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சட்டைதான். வருஷத்துக்கு ஒருமுறை துவைத்துக் காயவைத்துப் பெட்டியில் வைப்பாள். அன்று அது இரண்டு கைகளையும் விரித்தபடி பாலத்தடியில் போய் மறைவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் கைப்பிடியில் அதே சட்டை! நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, நான்காக மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

நிவெஸ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் முதலில் காலரை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரின் உப்பே இல்லை. உப்புப் போகும்வரை அலசித் தருகிறவன் சும்மா தருவானா? அதற்குள்ளே ஏதோ இருக்கிறது என்று அன்றே கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டாள்.

எடுத்துத் தந்தவன் ஒரெஸ்தே. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய சரக்குப் படகு கட்டியிருக்கும். அவன் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கும் நெடுங்காலம் தெரியாது.

ஒரெஸ்தே கல்யாணம் செய்துகொள்ளாதவன். காயலின் வடக்கே இருக்கிற தோட்டத் தீவிலிருந்து காய்ப்பெட்டி, பழப்பெட்டி ஏற்றிவந்து சந்தைக் கரையில் இறக்குவது அவன் பிழைப்பு. இடது கையில் மோதிர விரல் பாதிதான். மீதியைக் கயிறு தின்றுவிட்டது. தனியாக இருக்கும்போது சீழ்க்கை அடிப்பான், ஆள் வந்தால் நிறுத்திவிடுவான். கோயிலில் கடைசி வரிசையைத் தாண்டி வரமாட்டான். ஆனால் ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாளன்று சுரூபத்தைத் தூக்க முதல் தோள் அவனுடையதாக இருக்கும். அன்று மட்டும் பீடம்வரை வருவான்.

பீடம் நிவெஸின் ராஜ்யம். கணவன் இறந்தபின் பழைய சாமியார் அவளை அழைத்து, பூசைச் சாமான் அறையின் சாவியைக் கையில் கொடுத்திருந்தார். துணி துவைப்பது, மெழுகுதிரி வைப்பது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. சாவியோடு சேர்த்துக் கோயிலின் பின்கட்டில் இரண்டு அறைகளும் அவளுக்குக் கிடைத்தன. சாவி போனால் அந்த வீடும் போகும். அதனால் இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவள் தூக்கத்திலும் தடவிக்கொள்வாள்.

இப்போது வந்திருக்கிற தோன் இலாரியோ சாமி இளைஞர், தரைநாட்டுக்காரர். படகில் கால் வைக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார். நல்லவர்தான். ஆனால் ஒருநாள் விளக்குக்கு வெளியே சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு, "நிவெஸ் அம்மா, உங்களுக்கும் வயசாகுது. வேணும்னா ரொட்டிக்கடை செசிராவைக் கூட வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். "எண்ணெய் சிந்தினது பூனை, சாமி" என்றாள் நிவெஸ். கோயிலில் பூனை கிடையாது. அவள் கண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலாகவே ஒரு புகை படிந்திருந்தது. மாதாவுக்கு மட்டும் அதைச் சொல்லியிருந்தாள், மனிதர்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஜூன் மாதம், திருநாள் லேஸைக் காற்றாட வைக்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தாள். பீடத்தின் முகப்பில் வருஷத்தில் ஒரே ஒரு நாள் கட்டுகிற லேஸ் அது. ரோஜாவும் மீனுமாக ஊசியால் பின்னியது. எந்தக் காலத்திலோ ஒரு மாலுமியின் மனைவி நேர்ந்துகொண்டு கொடுத்ததாம். நீலக் காகிதப் பொட்டலம் இருந்த இடத்தில் இருந்தது. பிரித்தாள். உள்ளே ஒரு பழைய துவாலை, அதே பருமனுக்கு ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

நிவெஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறதியாகக் காணாமல் போன பொருளென்றால் காகிதத்துக்குள் துவாலை வராது. எவனோ யோசித்துச் செய்த வேலை. தடவிப் பார்த்தால் ஏமாறுவாள் என்று தெரிந்தவன்!

அந்தோனியார் முன் மண்டியிட்டாள். "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரே, லேஸையும் குடும், எடுத்தவனையும் குடும். ரெண்டுல ஒண்ணுதான்னா, முதல்ல ஆளைக் குடும்." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, லேஸையே குடும்" என்று திருத்தினாள்.

அறைக்குள் வந்தவர் யார் யார் என்று யோசித்தாள். சாமியாரும் அவளும் தவிர ஒரே ஒருத்தன்தான். ஈஸ்டருக்கு முன் வெள்ளம் வந்து கதவு ஊறிப் பெருத்தபோது, "சீவித் தரேன் சியோரா" என்று தானாக வந்து கதவைக் கழற்றியவன். அவள் மாலை ஜெபத்துக்குப் போயிருந்தாள், அறை திறந்தே கிடந்தது. ஒரெஸ்தே! போன திருநாளிலும் பூச்சாடியை நடுவிலிருந்து ஓரமாக நகர்த்தி வைத்து, "பீடத்துல கை வைக்க உனக்கு யார் சொன்னது?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்தான். அப்போதே லேஸை நோட்டம் பார்த்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் எல்லோரையும் கொஞ்சம் உட்காரச் சொன்னார். பங்கு மக்களெல்லாம் சேர்ந்து காயலின் மற்ற தீவுகளுக்கு ஒருநாள் படகுப் பயணம் போகலாமென்று அவருக்கு ஆசை. முரானோவில் கண்ணாடி ஊதுவதைப் பார்ப்பது, புரானோவில் லேஸ் பின்னுவதைப் பார்ப்பது, தோர்செல்லோவின் பழைய கோயிலில் ஜெபம் சொல்வது, பொழுது சாய வீடு திரும்புவது என்று திட்டம் போட்டிருந்தார்.

"படகு நான் தரேன்" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரெஸ்தே கோயிலுக்குள் வாய் திறந்ததை யாரும் கேட்டதில்லை.

"எப்போ கிளம்பலாம், ஒரெஸ்தே?" என்றார் சாமியார்.

"இந்த மாசம் கடைசி ஞாயிறு. ஆனா புரானோ வேண்டாம் சாமி. முரானோவும் தோர்செல்லோவும் போதும்."

"புரானோ வேண்டாமா? ஏன்யா, அங்க உனக்குக் கடனா?" என்று சிரித்தாள் ரொட்டிக்கடை செசிரா.

"தண்ணி வத்திடும். சனங்களை ஏத்திக்கிட்டு சேத்துல மாட்டிக்கக் கூடாது."

சாமியார் தலையாட்டினார். அவருக்கு என்ன தெரியும்? ஆனால் நிவெஸ் காயலில் பிறந்தவள். அமாவாசையிலிருந்து மனதுக்குள் எண்ணினாள். மாதக் கடைசி ஞாயிறன்று பிறை எட்டு. 'ஏழு எட்டு ஒன்பது, தண்ணி எங்கும் போகாது' என்று தவழ்கிற பிள்ளைகூடச் சொல்லும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, தண்ணீர் செத்துக் கிடக்கிற நாள். அன்றைக்கு வற்றிவிடும் என்று ஒரு படகுக்காரன் சொன்னால், ஒன்று அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை பொய் சொல்கிறான்.

எழுந்து நின்றாள். "சாமி, அன்னிக்குப் பிறை எட்டு. தண்ணி எங்கயும் போகாது. இது ஒரெஸ்தேவுக்கும் நல்லாத் தெரியும்."

ஒரெஸ்தே தொப்பியைக் கையில் சுற்றினான். "அப்போ காத்து அடிக்கும்" என்றான்.

"காத்து அடிச்சா முரானோவுக்கும்தான் அடிக்கும்!" என்றாள் செசிரா. எல்லோரும் சிரித்தார்கள்.

"புரானோவும் போகணும்" என்று முடிவாகச் சொன்னார் சாமியார். "நிவெஸ் அம்மா, நம்ம கோயில் லேஸையும் எடுத்துக்கிட்டு வாங்க. அங்க இருக்கிற அம்மாக்கள்கிட்ட காட்டுவோம். எந்தக் காலத்துப் பின்னல்னு சொல்வாங்க."

நிவெஸின் காது அடைத்துப்போனது. "சரி சாமி" என்று வாய் சொன்னது. கடைசி வரிசையில் தொப்பி கீழே விழுந்த சத்தத்தை மட்டும் தெளிவாகக் கேட்டாள்.

வழியில் செசிரா அவள் தோளோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். "ஏடி, அவன் ஏன் புரானோ வேண்டாங்கிறான்னு எனக்குத் தெரியும். என் நாத்தனார் அங்கதானே வாக்கப்பட்டிருக்கா. அவ சொன்னா, இவன் அங்க மூணு வீட்டுக்குப் போறானாம்."

"மூணு வீடா?"

"முதல்ல ஒரு பச்சை வீட்டுல நுழைஞ்சான். ஒரு மாசம் அங்கயே போக்குவரத்து. அப்புறம் மஞ்சள் வீடு. இப்போ செங்கல் நிறத்துல ஒரு வீடாம். மூணுலயும் பொம்பளைங்க! போகும்போது ஆளுக்கொரு பெட்டி பீச் பழம் வேற. ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு, பாத்தியா கூத்தை!"

"பொம்பளைங்களா?" என்றாள் நிவெஸ். அவள் மனதில் ஓடியது வேறு. ஒருத்தி வாங்க மறுத்தால் அடுத்தவளிடம், அவளும் மறுத்தால் மூன்றாமவளிடம். லேஸை விலை பேசிக்கொண்டு வீடு வீடாக அலைகிறான்! செசிராவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொன்னால் ரொட்டி ஆறுவதற்குள் சாமியார் காதுக்குப் போய்விடும். சாவி செசிரா இடுப்பில் ஏறிவிடும்.

மறுநாள் படகுத்துறைக்குப் போனாள். சீழ்க்கை நின்றது.

"ஒரெஸ்தே, மாதாவுக்குத் தெரியாம எதுவும் நடக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சியோரா. அந்தத் தைரியத்துலதான் இருக்கேன்."

"என்ன தைரியம்?"

"பயணத்தை ரெண்டு வாரம் தள்ளி வெச்சா நல்லது. சாமிகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு."

"எதுக்கு ரெண்டு வாரம்?"

அவன் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான். "எஞ்சின்ல ஒரு இருமல் இருக்கு."

"இருமல் எஞ்சின்லயா, உன் மனசாட்சியிலயா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் சீழ்க்கை கேட்கவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. காடியும் வெங்காயமும் போட்டு ஊறவைத்த மத்தி மீன், சுட்ட சோளக் களி, ஒயின் என்று கூடை கூடையாக ஏற்றினார்கள். நிவெஸின் கூடையில் நீலக் காகிதப் பொட்டலமும் இருந்தது, உள்ளே துவாலையோடு. படகில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காட்டுங்களேன், ஒருதரம் பாப்போம்" என்றார் சாமியார். "ஈரக் காத்து சாமி, லேஸுக்கு ஆகாது" என்றாள். கல்லறைத் தீவைக் கடக்கும்போது எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் இரண்டு தடவை போட்டாள், ஒன்று அந்தப் பொய்க்காக.

முரானோவில் ஒருவர் நெருப்புக் குழம்பை ஊதிக் குதிரை செய்தார். பெண்கள் வாய் பிளந்தார்கள். நிவெஸ் குதிரையைப் பார்க்கவில்லை. ஒரெஸ்தேயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குதிரையைப் பார்க்கவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புரானோவில் படகைக் கட்டியதும், கூட்டம் கரையேறுகிற சந்தடியில் அவன் நழுவினான். நிவெஸ் பின்னாலேயே போனாள். அவள் கண்ணுக்கு அந்த ஊரின் வீடுகள் ஒன்றோடொன்று கரைந்து ஓடின. பச்சை முடிகிற இடமும் மஞ்சள் தொடங்குகிற இடமும் தெரியவில்லை. அவனுடைய கறுப்புத் தொப்பி ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதுவும் ஒரு திருப்பத்தில் மறைந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நின்றபோது, ஒரு வாசல் திரைக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"இன்னிக்கே வேணும் பொஸ்கா. வந்து இறங்கிட்டாங்க."

"நான் என்ன மீனா பொரிக்கிறேன், உடனே எடுத்துக் குடுக்க? இன்னும் ஒரு ரோஜா பாக்கி இருக்கு."

நிவெஸ் திரையை விலக்கினாள். ஜன்னலோரம் ஒரு பெண் மடியில் உருளைத் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். தலையணைமேல் வெள்ளையாக விரிந்து கிடந்தது கோயில் லேஸ்.

"திருடா!" என்றாள் நிவெஸ். "மாதாவோட சொத்துல கை வெச்சிட்டியேடா! பூச்சாடியை நகர்த்தினப்பவே நினைச்சேன்! கதவு சீவுறேன்னு வந்தப்பவே நினைச்சேன்!"

ஒரெஸ்தே சுவரோடு சுவராக நின்றான். பொஸ்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "யாரு, அந்தக் கோயில் அம்மாவா?" என்றாள். "திருடன்கிறீங்களே, திருடன் ஓட்டையை அடைச்சா குடுப்பான்?"

"என்ன ஓட்டை?"

"கை அகலத்துக்குக் கருகிப்போய் வந்துச்சேம்மா. இஸ்திரிச் சூடு."

"கருகலா? என் லேஸ்லயா? இதுல ஒரு கண்ணி அறுந்தது கிடையாது. போன வருஷம் நானே என் கையால இஸ்திரி போட்டுக் கட்டினேன்!"

பொஸ்கா தலையணையை அவள் பக்கம் திருப்பினாள். நிவெஸின் விரலைப் பிடித்து லேஸின்மேல் வைத்தாள். ரோஜா, மீன், ரோஜா என்று விரல் நகர்ந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. ஒரு ரோஜா அளவுக்கு வெறுமை. அதன் ஓரத்தில் முள் மாதிரி கருகின நூல் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. பூச்சாடியை அவன் ஏன் ஓரமாக நகர்த்தினான் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. சபையெல்லாம் அவளுடைய பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கருகலை ஒரு பூச்சாடி மறைத்திருக்கிறது. அதற்குத்தான் அவனைத் திட்டியிருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடுத்த நிமிஷமே சாவியைக் கொண்டுபோய் சாமி மேசையில வெச்சிருப்பீங்க. உங்களைத் தெரியாதா?" என்றான் ஒரெஸ்தே. "வலை மாதிரின்னு நெனச்சேன் சியோரா. ஒருத்தன் உக்காந்தா ரெண்டு ராத்திரியில வலையை முடிச்சிடுவான். ஈஸ்டர் முடியுறதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னு துவாலையை மடிச்சு வெச்சேன். இங்க வந்து பாத்தா, இவங்க ஒரு ஆளுக்கு ஒரு தையல்தானாம்!"

"ஆமா பின்ன?" என்றாள் பொஸ்கா. "தரைக்கண்ணி போடறது பச்சை வீட்டுக்காரி. கண்ணிக்கு நடுவுல பாலம் கட்டறது மஞ்சள் வீட்டுக்காரி. நான் ரோஜா மட்டும்தான். அவ வேலையில நான் கை வெச்சா என் கையை ஒடிப்பா. நடுவுல ஒருத்திக்குப் பேரன் பொறந்தான், ஒரு மாசம் ஊசியையே தொடல. இந்த மனுஷன் பழப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சாரு. ஊரே என்னென்னமோ பேசுது."

நிவெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ முடி" என்றாள் பொஸ்காவிடம். ஒரெஸ்தேயைப் பார்த்து, "நீ அவங்களைத் தோர்செல்லோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. எனக்குத் தலைவலின்னு சொல்லு. இன்னிக்கு இது கடைசிப் பொய்" என்றாள்.

அவர்கள் பக்கத்துத் தீவில் ஜெபம் முடித்து வரும்வரை அவள் அந்த ஜன்னலோரம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஊசி போய்வருகிற சத்தமில்லாத சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நல்லது செய்கிறவனைத் திருடன் என்று நினைக்க மனிதருக்கு எத்தனை சுளுவாக வருகிறது! ஆண்டவர் அதை மன்னிப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய பொறுமை பெரியது.

படகு திரும்பி வந்ததும் துறையிலேயே சாமியார்முன் லேஸை விரித்துப் பிடித்தாள். வேலை எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று அவள் விரலுக்கே தெரியவில்லை. மறைத்துவிட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. இஸ்திரி, கருகல், கண், எண்ணெய் சிந்தின பூனை என்று எல்லாவற்றையும் சொன்னாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை அவர் கையில் வைத்தாள். செசிரா வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது அபூர்வம்.

சாமியார் சாவியை அங்கியின் பையில் போட்டுக்கொண்டு, சிலுவை போட்டுப் படகில் ஏறினார். அந்த வாரம் முழுக்க நிவெஸ் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டினாள். சாவி செசிராவுக்குத்தான் போகும், நிச்சயம். ரொட்டிக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் செசிராவின் இடுப்பையே பார்த்தாள்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரெஸ்தே நின்றான், கையில் சாவி.

"பாவசங்கீர்த்தனம் பண்ணினேன் சியோரா. சொல்லாம எடுத்தது பாவம்னுட்டாரு சாமி. சனிக்கிழமைதோறும் உங்க பக்கத்துல நின்னு இஸ்திரி, எண்ணெய், திரி எல்லாம் பாத்துக்கணுமாம். அதுதான் எனக்குப் பரிகாரம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"கேட்டேன். பாவம் பெரிசுன்னாரு."

சாவியை வாங்கி, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, அதே சாவிதானா என்று பல்லில் கடித்தும் பார்த்துவிட்டுத்தான் நிவெஸ் இடுப்பில் முடிந்தாள்.

அந்தப் பரிகாரம் அவன் தலை முழுக்க நரைக்கும்வரை நீடித்தது. "சியோரா, சூடு அதிகம்" என்பான். "சியோரா, எண்ணெய் ஓரமா போகுது" என்பான். அவள் திருந்திவிட்டாளா என்றால் இல்லை. மெழுகுதிரித் துண்டு குறைகிறது என்று அவன் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பாள். "புரானோக்காரி எப்படி இருக்கா?" என்று திடீரென்று கேட்டுவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்ப்பாள். "பீச் பழம் கேக்குறா" என்பான் அவன்.

கடைசியில் அவனுக்கும் நெஞ்சு கெட்டது. காயலின் பனி ஆகாது என்று மருத்துவர் சொல்ல, தரைநாட்டில் இருந்த தம்பி மகன் அழைத்துக்கொண்டான். நவம்பர் மாதத்துக் காலை, எதிர்க்கரை தெரியாத மூடுபனி. நிவெஸ் சுவரைத் தடவிக்கொண்டு படகுத்துறைக்கு வந்து ஒரு ஜாடியை நீட்டினாள்.

"மத்தியா? விஷம் ஒண்ணும் வைக்கலையே?"

"தின்னு பாத்தா தெரிஞ்சிடும்."

அவன் ஏறினான். படகு கரையை விட்டு விலகியது. பனிக்குள் அவன் முகம் முதலில் மறைந்தது, பிறகு தொப்பி. அதன்பின் குரல் மட்டும் வந்தது.

"சியோரா நிவெஸ்! துணிக்கு ரெண்டு கிளிப்பாப் போடுங்க. இனிமே தண்ணியில விழுந்தா, உப்புப் போக அலசிக் கதவுல மாட்ட ஆள் இல்ல!"